பெட்டிக்குள் இல்லாத கண்ணாடி

உமக்கு வாக்குரிமை வந்துவிட்டது. சாவடிச் சுவரில் வாக்காளர் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். நேற்றுக் காலை சாரலுக்குக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனபோது பார்த்தேன். பசை காயவில்லை, புளித்த மாவு வாடை அடித்தது. வீட்டு எண் சரி, தகப்பனார் பெயர் சரி. வயதில் மட்டும் ஒன்றைக் கூட்டியிருக்கிறார்கள். நீர் மாசியில் இறந்துபோனீர். ஆனியில் சர்க்கார் உமக்கு ஒரு வயது ஏற்றியிருக்கிறது.

எப்படி நடந்தது என்று விசாரித்தேன். பெயர் எழுத வந்தவர் உம் வீட்டில் மதினியிடம் ரேஷன் கார்டைக் கேட்டிருக்கிறார். மதினி கார்டைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்கள். அவர் கார்டில் இருந்த பெயர்களை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். கார்டில் இருப்பவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்கும்படி அவருக்கு உத்தரவு இல்லை.

உயிரோடு இருந்தவரை உமக்கு வாக்கு இருந்ததே இல்லை. முதலில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் வாக்கு என்றார்கள். நீர் வாடகை வீட்டுக்காரர். பிறகு எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் உண்டு என்றார்கள். ஊரெல்லாம் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த உமக்கு அப்போது மாற்றலுக்கு மேல் மாற்றல். ஒரு ஊர்ப் பட்டியலில் பெயர் ஏறுவதற்குள் அடுத்த ஊருக்கு வண்டி ஏறினீர். இப்போது எல்லோருக்கும் வாக்கு என்று சொல்லி, உம்மையும் எல்லோரிலும் சேர்த்துவிட்டார்கள்.

நேற்றிலிருந்து மூன்று தடவை போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டேன். ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் தவணை. உம்முடைய பெயரில் யார் வந்து நிற்பான், உயரமாய் இருப்பானா, உம்மைப் போல மூக்குப்பொடி போடுவானா என்று யோசனை ஓடுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஜில்லா போர்டு எலெக்‌ஷன் நடந்து பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் இருக்கும். ஒரு பக்கம் அரிசி மில்காரர். வாய்க்காலின் தலைமடை அவர் நிலத்தில் இருந்ததால், கீழே இருந்த வயல்களெல்லாம் அவர் மனசு வைத்தால் நனையும். எதிர்த்து நின்றவர் வெற்றிலைக் கொடிக்கால்காரர். வாக்காளர்களை ஏற்றிக்கொண்டு போக அவரிடம் பஸ் இல்லை, ஆகவே யோக்கியர். மில்காரருக்குச் சிவப்புப் பெட்டி, கொடிக்கால்காரருக்குப் பச்சைப் பெட்டி. வாக்காளர் சீட்டை வாங்கிக்கொண்டு துணி மறைப்புக்குப் பின்னால் போய், பிடித்த நிறத்தில் போட்டுவிட்டு வர வேண்டும். படிக்காதவர்களும் ஏமாறாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. படித்தவர்கள் ஏமாற்றாமல் இருக்க ஏற்பாடு ஒன்றும் செய்யவில்லை.

படித்தவன் என்று என்னைத்தான் சொல்கிறேன்.

அப்போது நான் ஒரு வாரப் பத்திரிகையில் வேடிக்கைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். வாசகர்கள் குறைவு, அதனால் தைரியம் அதிகம். ஜனங்கள் ஓட்டுப் பெட்டியைக் கண்டு பயப்படுவதைக் கேலி செய்து, சர்க்கார் அறிவிப்பு மாதிரியே ஒன்று எழுதினேன். பெட்டியின் வாய்க்குள் ஒரு சீமைக் கண்ணாடி இருக்கிறது. சீட்டுப் போடக் குனிகிறவர் முகம் அதில் பதிந்துவிடும். சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றினால் யார் எந்தப் பெட்டிக்குப் போட்டார் என்று வரிசையாகப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி வரியில், இவ்வளவு சிரமப்பட்டு நம் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிற சர்க்கார் இதுவரை நம் முகத்தைப் பார்த்ததில்லை போலும் என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரிக்காகத்தான் முழுவதையும் எழுதினேன்.

மில்காரரின் ஆட்கள் அதை எடுத்து நோட்டீஸாக அடித்தார்கள். கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டார்கள். அச்சிட முடியாததை வாயால் சொன்னார்கள். சீட்டைப் பெட்டியில் போடாதே, மடியில் மறைத்து வெளியே கொண்டுவா, நம் கணக்குப்பிள்ளையிடம் கொடு, கண்ணாடியில் படாமல் எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியும்.

அந்த நோட்டீஸோடு நீர் என் வீட்டுக்கு வந்து நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது. அந்த வாக்குச்சாவடிக்கு உம்மைத்தான் அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பதவிக்காகப் போட்டிருந்த கோட்டு முழுக்கச் சாரல்.

“இது நீரு எழுதுனதுதானவே?”

“நடையப் பாத்தே கண்டுபிடிச்சிட்டீரா?” என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமை.

“நடை தெரியுது. ஜனங்க நடுங்குதது உமக்குத் தெரியுதா?”

“அதுல சிரிப்புல்லா வே இருக்கு.”

“எங்கன இருக்கு? வெரல வச்சுக் காட்டும்.”

விரலை வைத்துக்கொண்டே கடைசிவரை போனேன். சிரிப்பு இருந்த இடத்தில் வெறும் காகிதம் இருந்தது.

மறுத்து ஒரு நோட்டீஸ் எழுதச் சொன்னீர். கேலியை விளக்கி எழுதுவது எழுத்தாளனுக்கு அழகில்லை என்று சொன்னேன். அப்படியே எழுதினாலும் பத்திரிகையில்தான் எழுதுவேன், பத்திரிகை ஞாயிற்றுக்கிழமை வரும் என்றேன். எலெக்‌ஷன் சனிக்கிழமை. நீர் குடையை விரித்துக்கொண்டு போனீர்.

வியாழக்கிழமை மில்காரரின் பஸ் முப்பத்தொரு வாக்காளர்களை ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனது. சீசன் நல்ல சீசன். ஒரு பங்களாவில் இறக்கி, மூன்று வேளைச் சாப்பாடு, அருவிக் குளியல், ஆள் வைத்து எண்ணெய்த் தேய்ப்பு. கேட்டைத் தாண்டி வெளியே போக மட்டும் அனுமதி இல்லை. கொடிக்கால்காரர் ஒரு வார்த்தை பேச வந்தபோது, எல்லோரும் குளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளும் எப்போது வந்தாலும் அவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சரியாகத்தான் திட்டம் போட்டிருந்தார்கள். உபசாரத்தில்தான் தவறு செய்தார்கள். ஓட்டு நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை ஆண்பிள்ளைகளை எண்ணெய் தேய்க்காமல் அனுப்பினால் மில்காரர் வீட்டு மரியாதை என்னாவது? விடியற்காலையில் முப்பத்தொரு பேருக்கும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வழித்து, அருவியில் நிறுத்தி, நேரமாகிவிட்டது என்று சீயக்காயைச் சுருக்கி, அப்படியே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் வந்து நின்றபோது தெரு முழுவதும் நல்லெண்ணெய் மணத்தது. எதிர்க் காப்பிக் கடையில் நான் கட்டுரைக்கு விஷயம் தேடி உட்கார்ந்திருந்தேன். நல்ல விஷயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். உம்மிடம் சீட்டு வாங்கினார்கள். மறைப்புக்குப் பின்னால் போனார்கள். வெளியே வந்து வேலி ஓரமாக நின்ற கணக்குப்பிள்ளையிடம் வெற்றிலை வாங்கிக்கொண்டார்கள். வெற்றிலை வாங்கின கை, முதலில் ஏதோ கொடுத்தது. நான் அதைக் கவனித்தேன். ரசித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மத்தியானம் கணக்குப்பிள்ளை தம் வாக்கைப் போட வந்தார். இரண்டு நாளாகப் பந்தி விசாரித்ததில் அவருக்கு மட்டும் குளிக்க நேரம் கிடைக்கவில்லை. நீர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தீர். அவர் திரும்பினார். அப்போதுதான் உம்முடைய குரல் தெருவரைக்கும் கேட்டது.

“நில்லும் பிள்ளைவாள். உம்ம தலை பறட்டையா நிக்கி. மடியில மட்டும் எண்ணெய் எங்கன இருந்து வந்தது?”

இடுப்பு வேட்டியில் ஒரு தட்டு அகலத்துக்கு எண்ணெய் ஊறியிருந்தது.

“வாத்தியாரு வேட்டியப் பாக்கவா வந்தீரு?” என்று சத்தம் போட்டார் அவர்.

“சீட்டப் பாக்க வந்தேன். எடும்.”

போலீஸ்காரர் பக்கத்தில் வந்து நின்றதும் எடுத்தார். முப்பத்தொரு சீட்டு. எண்ணெயில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றிலும் எண் இருந்தது. உம்மிடம் இருந்த சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் வாங்கினவர் எண் இருந்தது. உடையவரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்து, தாமே போடச் சொல்லுவது என்று நீர் முடிவு செய்தீர். அப்படிச் செய்யலாம் என்று விதியில் இல்லை. செய்யக் கூடாது என்றும் இல்லை என்று பிறகு சொன்னீர். மேலதிகாரிகளுக்கு முதல் வாக்கியம் மட்டுமே காதில் விழுந்தது.

கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. முப்பத்தொரு பேரும் வேலி ஓரமாகப் பளபளவென்று நின்றார்கள்.

“கண்ணாடி இருக்காம்லா ஐயா” என்றார் ஒருவர். “அதுல மொகம் விழுந்து மில்காரரு பாத்திட்டாருன்னா எங்க வயலுக்குத் தண்ணி வருமா? நீங்களா வந்து மடை தொறப்பீக?”

அப்போது நீர் வெளியே வந்து காப்பிக் கடையைப் பார்த்தீர்.

“வாரும் வே. எழுதுன ஆளே வந்து சொல்லும்.”

வந்தேன். அவ்வளவு பேர் எனக்கு அதுவரை வாசகராக வாய்த்ததில்லை. “கண்ணாடி ஒண்ணும் கிடையாது. அது நான் வேடிக்கைக்கு எழுதினது” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“அச்சுல வந்திருக்கே” என்றார் அதே ஆள். “அச்சுல போட்டதுக்குப் பொறவு வாயால இல்லைன்னா எப்படி?”

கூட்டத்துக்குப் பின்னால் பேச்சியம்மாள் நின்றிருந்தார். புருஷன் இல்லாதவர். ஓடு வேய்ந்த வீட்டுக்கு வரி கட்டுவதால் வாக்கு. அவருடைய அரை ஏக்கர் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. மில்காரர் மடையை அடைத்தால் முதலில் காய்வது அதுதான். சீட்டை வெளியே கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும் என்று அவருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் என் முன்னால் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீரா எழுதுனீரு?”

“ஆமா ஆச்சி.”

“ரெண்டு நாளா வயித்துல தீயக் கட்டிக்கிட்டுத் திரியுதேன். உமக்கு வேடிக்கையாக்கும்?”

பிறகு உம்மைப் பார்த்து, “சீட்டத் தாரும் வாத்தியாரையா. கண்ணாடி இருந்தா இருந்துட்டுப் போட்டும். என் மொகத்த நல்லாப் பாத்துக்கிடட்டும்” என்றார். தலையில் போட்டிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் வெளியே வந்த பிறகு, எண்ணெய்க்காரர்களில் ஒருவர் வந்தார். பிறகு இன்னொருவர். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு போனவர்களும் உண்டு. மொத்தம் பதினெட்டுப் பேர். மிச்சப் பேர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பெட்டிகளுக்கு அரக்கு வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர். பொடியை உறிஞ்சிவிட்டுச் சொன்னீர்: “வேடிக்கைன்னீரு. பொய்னு ஒரு சொல்லு தமிழ்ல இருக்குல்லா? அதச் சொல்லியிருக்கலாம் வே.”

மில்காரர் ஜெயித்தார். நீரும் நானும் வேறு விதமாய் எதிர்பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வித்தியாசம் குறைவு என்பதுதான் அவருக்குக் கோபம். போர்டு அவர் கைக்கு வந்தது. நீர் போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியார். விசாரணை வைத்தார்கள். நோட்டீஸைப் பற்றி என்னிடம் வாக்குமூலம் கேட்டார்கள். உமக்கு உதவ எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். நான் நான்கு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. படித்த அதிகாரி இரண்டு இடத்தில் சிரித்ததாகக் கேள்விப்பட்டு அன்று முழுவதும் சந்தோஷமாய் இருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேனா, கேலி செய்கிறேனா என்று அவருக்குக் கடைசிவரை புரியவில்லையாம். அதனால் ஓரமாக வைத்துவிட்டார். உம்மைச் செங்கோட்டைப் பக்கம் எங்கோ ஒரு மலையடிவாரத்துக்குத் தூக்கிப் போட்டார்கள்.

அந்த வருஷம் பேச்சியம்மாளின் வயலுக்குத் தண்ணீர் எல்லோருக்கும் கடைசியாக வந்தது. பயிர் பாதி காய்ந்துவிட்டது. நீர் அங்கிருந்து மூன்று மனு எழுதிப் போட்டீர். ஒரு வரிகூட நயமாக இல்லாத மனுக்கள். மூன்றாவது மனுவுக்குப் பிறகு மடை திறந்தது. நான் எழுதி எதுவும் திறந்ததாக ஞாபகம் இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, இருப்புக் கொள்ளாமல் தாலுகா கச்சேரிக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். குமாஸ்தா நல்ல மனிதர்.

“செத்தவரு ஓட்டுப் போடவா வரப்போறாரு? பேருதானே, கிடந்துட்டுப் போகுது.”

“அவரு வரமாட்டாரு. அவரு பேரு வரும்.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“சாட்சி” என்றேன்.

காகிதம் கொடுத்தார். ‘மேற்படியார் சென்ற மாசி மாதம் இறந்துவிட்டார். பெயரை நீக்க வேண்டும்.’ இவ்வளவுதான் எழுதினேன். அவர் படித்தார், எந்த இடத்திலும் சிரிக்கவில்லை. சிவப்பு மையால் உம்முடைய பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். ஆயுள் முழுவதும் வராமல் போன பிறகு வந்தது ஒரே ஒரு வாக்கு. அதையும் நானே அடித்துவிட்டு வந்திருக்கிறேன். நீர் கோபித்துக்கொள்ள மாட்டீர் என்று தெரியும்.

திரும்பி வரும் வழியில் பேச்சியம்மாள் வாசலில் வற்றலைச் சாரலில் நனையாமல் உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடி, இருப்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்தத் தடவையும் பெட்டிக்குள்ள கண்ணாடி வச்சிருக்காகளா?”

முகம் அசையாமல் கேட்டார். கேலி செய்கிறாரா, பயம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை.

“இல்ல ஆச்சி” என்றேன். “அன்னைக்கும் இல்ல. நான் எழுதுனது பொய்.”

“அதச் சொல்ல இம்புட்டு வருசமா?” என்றார். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.