எங்கள் வாசலுக்கும் வந்த கார்

20.5.2023
பந்தலுக்கு மருந்து அடித்தேன். இந்த வருடம் காமயகவுண்டன்பட்டியிலேயே என் திராட்சைதான் முதல் தரம். எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது கேட்டால் காட்டலாம்.

நேற்று பத்தாம் வகுப்பு ரிசல்ட். தங்கச்சி ராஜாத்தியின் மகள் முனீஸ்வரி 476. மச்சான் போன பிறகு அவளை வளர்த்தது நான். நான் எட்டாவது வரை படித்த அதே அரசுப் பள்ளி. மூளையும் என் மூளைதான். டாக்டராக வேண்டும் என்கிறாள். ஆகட்டும். டீக்கடையில் 486 என்று சொன்னேன். பத்து மார்க்கில் என்ன குடி முழுகிவிடும்?

பிறகுதான் தெரிந்தது, பக்கத்துத் தோட்டத்து அபுபக்கர் பாய் மகள் ஷர்மின் 484. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

21.5.2023
கம்பத்திலிருந்து ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக் கார் வந்து பாய் வாசலில் நின்றது. லாரி நீளம் இருக்கும். ஷர்மினுக்குச் சால்வை போட்டார்கள். பதினொன்றும் பன்னிரண்டும் எங்களிடம் படி, பீஸ் கிடையாது என்றார்களாம். நல்ல மார்க் எடுத்த பிள்ளையைப் பிடித்துப்போய்த் தங்கள் போர்டில் படம் போடத்தான் இவ்வளவும். எனக்குத் தெரியாதா.

ஆனாலும் சால்வை. எட்டு மார்க்குக்கு ஒரு சால்வையா?

அவர்கள் கொடுத்த லட்டை பாய் மனைவி சல்மா எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். "முனீசுக்கும் சேத்துத்தான்" என்றாள். நான் தொடவில்லை. அப்புறம் ஒன்று தின்றேன். நெய் மட்டம்.

22.5.2023
டீக்கடையில் ஈஸ்வரபாண்டி கேட்டான், "என்னண்ணே, காரு ஒங்க வீட்டத் தாண்டித்தான போச்சு. பிரேக்கு பிடிக்கலயோ?" எல்லோரும் சிரித்தார்கள்.

"ஏலே, நம்ம வீட்டுக்கு நாளைக்கு வருது. தேனியிலருந்து வேற ரெண்டு பள்ளிக்கூடம் அடிச்சுக்கிறாக. நாந்தான் பொறுங்கன்னு சொல்லிருக்கேன்."

நன்றாகத்தான் வந்தது வாயில்.

25.5.2023
கார் வரவில்லை.

26.5.2023
வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நானே கம்பம் போனேன். அந்தப் பள்ளிக்கூடத்து மேனேஜர் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார். (டீக்கடையில், போனதும் காப்பி வந்தது என்று சொன்னேன்.) தேனிக்காரர்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று எடுத்துவிட்டேன். நம்பினாரோ என்னவோ, 476 என்றதும், "டி.சி. வாங்கிட்டு வாங்க, பீஸ் இல்லாம சேத்துக்கிறோம்" என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கார் வர வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு, டீக்கடை நிறைந்திருக்கும்போது. வந்து ஹார்ன் அடிக்க வேண்டும். மேனேஜர் சிரித்தார். சால்வை ஸ்டாக் இருக்கிறது என்றார்.

29.5.2023
அரசுப் பள்ளி ஞானசெல்வி டீச்சர் ஸ்கூட்டரில் வந்தார். முதலில் பாய் வீடு, அப்புறம் நம் வீடு. இதிலும் முதலில் பாய்.

"அண்ணே, ஆறாவதுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்ச பிள்ளைகளுக்குத்தான் டாக்டர் சீட்டுல ஏழரை சதவீதம் தனியா ஒதுக்கிருக்காக. நடுவுல எடுத்தீகன்னா அது போச்சு. முனீஸ்வரிகிட்ட மறக்காம சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்றேன்.

மதியத்துக்குள் பாய் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேட்டதும் குஷியாக இருந்தது, இனி கார் எனக்கு மட்டும்தான் என்று. சோறு தின்று முடிப்பதற்குள் வயிறு எரிய ஆரம்பித்தது. வாசலுக்கு வந்த காரை வேண்டாம் என்று சொல்லுகிற பவுசும் அவருக்குத்தானா?

முனீஸ்வரி தோட்டத்திலிருந்து வந்தாள். "டீச்சர் வந்தாகளாம்ல, என்ன சொன்னாக மாமா?"

"பிள்ளைக எண்ணிக்கை கொறையுதுன்னு பொலம்பிட்டுப் போறாக ஆத்தா."

ஏழரை. முழுசாக எட்டுக்கூட இல்லை. மார்க் எடுத்தால் சீட்டு தானாக வராதா?

2.6.2023
வந்தது. சரியாக ஐந்து மணி. மூன்று தடவை ஹார்ன். ஈஸ்வரபாண்டி கிளாசோடு எழுந்து நின்று பார்த்தான். சால்வையை முனீஸ்வரிக்குப் போட்டார்கள், நானும் தோளைக் கொடுத்தேன், எனக்கும் ஒன்று போட்டார்கள். பாய் தன் வாசலில் நின்று, "சந்தோசம் மாப்ள" என்றார். உள்ளே எரிந்திருக்கும். எரியாமல் இருக்குமா?

9.5.2025
பன்னிரண்டாம் வகுப்பில் முனீஸ்வரி அந்தப் பள்ளிக்கூடத்துக்கே முதல். நம் ஊர் பஸ் நிறுத்தத்தில், டீக்கடைக்கு நேர் எதிரே, அவள் படம் போட்ட போர்டு. என் உயரத்துக்கு இரண்டு மடங்கு. இன்று ஏழு டீ குடித்தேன்.

15.6.2025
நீட் ரிசல்ட். ஷர்மினைவிட முனீஸ்வரி முப்பது மார்க் அதிகம். முப்பது. பாய் முகத்தைப் பார்ப்பதற்காகவே தோட்டத்துக்குச் சுற்றுவழியாகப் போனேன். அவர் வரப்பில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துப் பழைய சோறு தின்றுகொண்டிருந்தார். "நம்ம முனீசு கெட்டிக்காரி மாப்ள" என்றார். இந்த மனிதனுக்கு எரியவே எரியாதா?

6.8.2025
ஷர்மினுக்கு இடம் கிடைத்துவிட்டது. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி. அந்த ஏழரையில்.

நம் பிள்ளைக்கு இல்லை. பொதுவில் அவள் மார்க் எட்டவில்லை. முப்பது மார்க் அதிகம் எடுத்தவள்.

சல்மா லட்டு கொண்டுவந்தாள். இந்தத் தடவை வாசலிலேயே ராஜாத்தி கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நல்ல நெய்.

7.8.2025
முனீஸ்வரி கேட்டாள். அழவில்லை. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"ஷர்மின் இப்பத்தான் சொன்னா. அன்னைக்கு டீச்சர் வந்து இதத்தான் சொன்னாகளா மாமா?"

எத்தனையோ சொல்லலாம். டீச்சர் சரியாச் சொல்லல, எனக்கு வெளங்கல, நான் எட்டாவதுதான ஆத்தா — வாய்வரை வந்தது எல்லாம்.

"ஆமா" என்றேன்.

அவள் போய்த் துணி காயப்போட்டாள்.

8.8.2025
ராஜாத்தி என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

13.10.2025
காலையில் பஸ் நிறுத்தம். ஷர்மின் ஊருக்கு வந்துவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்புகிறாள். பை வாய்க்குள் வெள்ளைக் கோட்டு மடித்து இருந்தது. வெயிலுக்காக முனீஸ்வரியின் போர்டு நிழலில் நின்றாள்.

"முனீசு வரலையா மாமா?"

"அவ முந்துன பஸ்ஸுல போயிட்டா."

பொய். முனீஸ்வரி உத்தமபாளையத்தில் பி.எஸ்ஸி. சேர்ந்த நாளிலிருந்து இந்த நிறுத்தத்துக்கு வருவதில்லை. கீழத்தெருவைச் சுற்றி நடந்துபோய் அடுத்த நிறுத்தத்தில் ஏறுகிறாள்.

ஷர்மின் போன பிறகு டீக்கடையில் உட்கார்ந்தேன். திராட்சை எடுக்க வந்த கேரளா வியாபாரி ஒருவர் போர்டைப் பார்த்து, "ஸ்கூல் ஃபர்ஸ்டா, மிடுக்கி, நல்ல கெட்டிக்காரி. ஆரு வீட்டுப் பிள்ள அது?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியலைங்க" என்றேன்.

ஈஸ்வரபாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தன் கிளாஸில் இருந்த டீயை ஆற்ற ஆரம்பித்தான்.