மூட்டைகளை இறக்கவைத்த பேச்சு

நிலமும் நீரும் தத்தம் இடத்தில் நிற்பனவாகுக!

ஐந்நூறு ஓடங்களுக்கு உடையவரும் மேல்துறை நாடாள்பவருமாகிய இளவேட்டரையர் திருமுன்பு, நீர்க்குன்ற நாட்டரசர் அமரக்கோன் ஆணைப்படி அமைச்சன் நக்கன் பூதி பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடையும் குலமும் நீடு வாழ்க.

எங்கள் பேரேரிக் கரை கசியத் தொடங்கி இன்றோடு ஒன்பது நாள். ஊரை விட்டுப் போவதா, நின்று கரைக்கு மண் கொட்டுவதா என்று குடிகள் தத்தளித்த வேளையில், ஓடங்கள் அனுப்புவதாகத் தாங்கள் வாளைத் தொட்டுச் செய்த சத்தியத்தை நம்பி, அதை ஊரார்க்கு எடுத்துரைக்குமாறு அரசுரை சொல்லும் சேந்தன் கூத்தனுக்கு ஆணை பிறந்தது. இடர்க்காலத்தில் எங்கள் குடிகள் மூட்டை முடிச்சோடு கோட்டை வாயிலுக்கு வருவர். உரை மனத்தில் தைத்தால் மூட்டையை இறக்குவர், தைக்காவிட்டால் நடையைக் கட்டுவர். அரசரேயாயினும் மறிக்கலாகாது.

சேந்தன் கூத்தன் பிறவிப் பேச்சாளன் அல்லன். கூட்டத்தை நோக்கினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பதால், ஒரே ஒரு முகத்தைத் தேர்ந்து, அது இளகும்வரை அதனோடு மட்டுமே பேசுவான். அன்று அவன் தேர்ந்தது உப்பு விற்கும் பொன்னாச்சியை. இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை, முகமோ கருங்கல்.

அவன் அவசரப்படவில்லை. ஓடங்கள் எத்தனை, எத்துறையில் ஒதுங்கும், முதலில் ஏறுவோர் யார் என்று கண்ணால் கண்டவன்போல் உரைத்தான். இவ்வோலை எழுதும் அமைச்சனின் தொந்திக்குத் தனி ஓடம் வேண்டுமென்று சொல்லவும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பொன்னாச்சி சிரிக்கவில்லை. ஓடம் வராவிடில் என்ன செய்வதென்று வினவினாள். தன் மனைவி மக்களும் இவ்வூரைவிட்டு நகரார் என்று அவன் விடையிறுத்தான். அவள் மூட்டையை இறக்கினாள். ஐயோ, அவளைப் பார்த்து ஊரே இறக்கியது! அப்படியொரு பேச்சை இந்நாடு கேட்டதில்லை, கேளாமலே இருந்திருக்கலாம்.

அவன் பேசிய நான்காம் நாள், ஓடங்களை அழைத்துவரச் சென்ற எங்கள் தூதன் வெள்ளத்தில் நீந்தி வெறுங்கையோடு மீண்டான். தங்கள் ஓடங்கள் தங்கள் பரிவாரத்தையும் பண்டங்களையும் ஏற்றிக்கொண்டு மேற்கே போயின என்றும், தனக்குத் தங்கள் கோட்டைக் கதவே திறக்கவில்லை என்றும் தெரிவித்தான். அதற்குள் ஊரைவிட்டு வெளியேற இருந்த ஒரே மலைப்பாதையையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இனி உண்மையைச் சொன்னாலும் குடிகள் போக வழியில்லை. சேந்தன் கூத்தன் இனித் தன்னைப் பேசவைக்க வேண்டாமென்று அரசரிடம் கெஞ்சினான். அரசர் இசையவில்லை. மண் கொட்டும் கைகள் ஓய்ந்தால் கரை அன்றே உடையும். ஓயாவிட்டால் இன்னும் இரண்டொரு நாள் தாங்கும். அந்த இரண்டொரு நாளுக்காகத் தினமும் காலையில் பேசுகிறான். குரல் சிறிதும் பிசிறுவதில்லை. ஓடம் எப்போது வருமென்று பொன்னாச்சி கேட்கிறாள், நாளை என்கிறான். இறங்கி வந்தபின் சோற்றைத் தொடுவதில்லை.

தங்களிடம் ஓடம் கேட்க இவ்வோலை எழுதவில்லை. கேட்டுக் கேட்டு எங்கள் வாய் வலித்துவிட்டது. பிறநாட்டரசர் ஓலை எதுவாயினும் அதனை ஓரெழுத்தும் விடாது கோட்டை வாயிலில் உரக்க வாசிப்பது எங்கள் சட்டம். வாசிக்க வேண்டியவனும் சேந்தன் கூத்தனே; ஓடம் வாராதென்பதை அவன் வாயாலேயே ஊர் கேட்க நேரும். ஆதலால் மறுமொழி விடுக்க வேண்டா. இதை நீந்திக் கொணரும் தூதனையும் திருப்பி அனுப்ப வேண்டா. அவன் ஒருவனாவது பிழைக்கட்டும்.

இது அரசர் ஆணை. நாரை முத்திரை இடப்பட்டது.