குமாரசாமி சாரைப் பார்த்து வந்தேன்

எடப்பாடி,
புதன்கிழமை.

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ தெரியவில்லை. போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், உன் சித்தி மகள் பிரீத்தி இதைப் படம் பிடித்து அனுப்புவாள். மழை இல்லை, மரவள்ளிக் குச்சிக்கிழங்கில் தேமல் நோய் ஏறி இலையெல்லாம் மஞ்சளாய்ச் சுருண்டுவிட்டது, இதைத்தான் என் மகள் அங்கே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினாள் என்று உன் அம்மா காட்டுப்பக்கம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

உன்னை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன அந்தப் பேராசிரியரும் நிதி வரவில்லை என்று கைவிரித்துவிட்டதாகப் பிரீத்தி சொன்னாள். அவளைத் திட்டாதே, வாயைப் பிடுங்கியது நான்தான். வேலை இல்லாவிட்டால் விசாவும் இல்லை என்றாள், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா இருக்க முடியாமல், உன்னைக் கேட்காமலே சேலம் போய், கல்லூரியில் உனக்கு மூத்தவரான குமாரசாமி சாரைப் பார்த்தேன். ஜப்பான், கொரியா என்று ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர், ஏதாவது வழி சொல்வார் என்று நினைத்தேன். உனக்கு வேலை இல்லை என்று சொல்ல மனசு வராமல், ஊரோடு வந்துவிட நினைக்கிறாள் என்றுதான் சொன்னேன்.

நல்ல மனுஷன் அம்மிணி. தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். உன்னைவிடச் சில வருஷம்தான் பெரியவர், தலை பாதி நரைத்துவிட்டது. "ஏனுங்க, இங்க மட்டும் வரச் சொல்லீராதீங்க, நானே தற்காலிகமாத்தான் பாடம் எடுக்கறனுங்க, அடுத்த வருசம் கூப்புடுவாங்களான்னு தெரியாது, ஆராய்ச்சி பண்ண ஒரு மேசைகூட இல்லீங்க" என்றார். நிரந்தர வேலைக்கு நேர்காணல் வரை போய்ப் போய்த் திரும்பியிருக்கிறார். பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தவர், பஸ் வந்து நின்ற பிறகு தயங்கித் தயங்கி, "உங்க புள்ளைகிட்டச் சொல்லி, அங்க எனக்கு ஏதாச்சும் எடம் கெடைக்குமான்னு கேட்டுச் சொல்றீங்களா" என்றார். உனக்கே இல்லை என்பதைச் சொல்லாமல், கேக்கறனுங்க என்று ஏறிவிட்டேன்.

சார் ஊரில் இல்லை என்று உன் அம்மாவிடம் பொய் சொன்னேன். சோறு போட்டு வைத்துவிட்டு எருமைக்குத் தண்ணி காட்டப் போனவள் வெகுநேரம் ஊட்டுக்குள் வரவில்லை.

படித்தது வீண்போகாது என்று எழுத நினைத்தேன், ஆனால் அது எனக்கே நிச்சயமில்லாத விஷயம். இன்னும் நாலு இடத்துக்கு எழுதிப் பார் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நீ ஒடிந்துபோவது குரலிலேயே தெரிகிறது. விசா முடிந்தால் கிளம்பி வா. வந்து என்ன செய்வது என்று மட்டும் என்னைக் கேட்காதே, எனக்கும் தெரியவில்லை. ஊரில் யாராவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நம் குலசாமி உன் பக்கத்திலேயே இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, அறையைப் பூட்டிக்கொண்டு தனியாகக் கிடக்காதே. குமாரசாமி சாருக்கு மட்டும் நீயே ஒரு வரி எழுதிவிடு சாமி, பதில் வரும் என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார், என்னால் சொல்ல முடியவில்லை.

உன் அப்பா,
நாச்சிமுத்து