நீங்க ஜெயிச்ச ஸ்டிரைக்

இராமநாதபுரம்,
மாசி மாதம், 1962.

அன்பு மகன் தங்கசாமிக்கு அம்மா எழுதுறது. இங்கன நானும் ஒங்க அய்யாவும் கையும் காலும் சுகமா நடமாடிக்கிட்டு இருக்கோம். அங்கன பம்பாயில நீ சளி காய்ச்சல் இல்லாம, வேளைக்கு வயிறு நெறையச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு வழிவிடு முருகனைக் கும்பிட்டுத்தான் இந்தக் கடுதாசிய ஆரம்பிக்கிறேன். மெட்ராஸ்ல ஒங்க பேப்பர் ஆபீசை மூடுன பொறகு நீ எங்க இருக்கே என்ன சாப்பிடுறேன்னே தெரியாம இருந்துச்சு, இப்ப மாதுங்காவுல ஒரு தமிழ் அச்சாபீசுல கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கிறேன்னு நீ எழுதுனதைப் பார்த்த பொறகுதான் எனக்குச் சோறு எறங்குச்சு. ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிறியே, ஒனக்கு ஒண்ணு அடிக்கிறது எப்பன்னு கேட்டா நீ என்ன பதில் எழுதுவேன்னு எனக்குத் தெரியும், அதனால கேக்கல. ஒந் தங்கச்சி பூமயிலுக்கு இது ஆறாம் மாசம். பாம்பனுக்குப் பக்கத்துல அக்காள்மடத்துலதான் இருக்கா, மாப்பிள்ளை சின்னச்சாமிக்குப் பாம்பன் பாலத்து வேலை நெரந்தரமாயிருச்சு. பங்குனியில வளைகாப்புப் போட்டு இங்கன கூட்டியாரணும்.

நீ ரெண்டு விஷயம் எழுதியிருந்தே. ஒண்ணு, கோர்ட்டுல கேஸ் ஒங்க பக்கம் தீர்ப்பாயிருச்சு, ஸ்டிரைக்ல நாங்க ஜெயிச்சுட்டோம்னு. ரொம்ப சந்தோஷம்யா. ஜெயிச்சவன் எதுக்கு மெட்ராஸை விட்டுட்டுப் பம்பாயில போயிக் கெடக்கான்னு பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் கேக்குறா. ரெண்டாவது, ஸ்டிரைக்னால அய்யாவோட பேப்பர் ஏஜென்சிக்கு என்ன ஆச்சு, அய்யாவுக்கு என் மேல இன்னும் கோவமான்னு கேட்டிருந்தே. நீ ஸ்டிரைக்ல இருந்தப்ப இங்கத்து விஷயம் ஒரு வரி போகக்கூடாது, அவனா தேடிக்கிட்ட வினை அவனே பாத்துக்கிடட்டும்னு அவரு சொல்லிட்டாரு, நானும் எழுதல. இப்ப ஒண்ணு விடாம எழுதுறேன், பொறுமையாப் படி.

ஸ்டிரைக் மொத நாள் போட்மெயில் வந்து நிக்குது, அவரு எப்பவும் போல சைக்கிளை வேலியில சாத்திட்டுக் கடைசிப் பெட்டிக்குப் போறாரு, பேப்பர் கட்டைக் காணோம். கார்டுகிட்டக் கேட்டா, தனுஷ்கோடி வரைக்கும் எந்த ஊருக்கும் கட்டு இல்ல, மெட்ராஸ்ல அச்சடிக்கிற ஆளுக எல்லாம் ஸ்டிரைக்காம்னு சொல்லிட்டுப் பச்சைக்கொடியக் காட்டிட்டாரு. வண்டி போன பொறகும் ரொம்ப நேரம் பிளாட்பாரத்துலயே நின்னாராம். வீட்டுக்கு வந்து, ஒம் மகன் கைய மடக்குனது மெட்ராஸ்ல, குத்து விழுந்தது என் மூஞ்சியிலன்னாரு. ஊருக்குள்ள என்ன ஆச்சுன்னு கேக்குறியா, பேப்பர் வராட்டா நாடே இருட்டாப் போயிரும்னு நீ சொல்லுவியே, இங்கன அப்படி ஒண்ணும் இருட்டல. ஒலக நடப்பு தெரியலையேன்னு தவிச்சது ரிடையர் தாசில்தார் ராமசுப்பிரமணியன் ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் பழைய பேப்பர் கெடைக்கலையேன்னுதான் தவிச்சாங்க. கடைத்தெருவுல மிளகு சீரகம் மடிக்கத் தாளு இல்லாம பனை ஓலைய நறுக்கி மடிச்சாங்க. சுஐபு பாய் டீக்கடையில வடைய வாழைச் சருகுல வச்சுக் குடுத்தாரு, அந்த வாசத்துக்கே கூட்டம் கூடிப்போச்சு. ஒங்க அய்யா அந்தக் கடையிலதான் போயி உக்காந்துக்கிட்டு, நாலு எழுத்துக் கோக்கத் தெரிஞ்ச ஒடனே மொதலாளி நாக்காலியில உக்காரணும்னு நெனைக்கிற பயலுகன்னு ஸ்டிரைக்காரங்களை வஞ்சுக்கிட்டு இருந்தாரு. தன் மகனும் அதுல ஒருத்தன்னு மட்டும் சொல்ல மாட்டாரு, ஊருக்கே தெரியும்ங்கிறது அவருக்குத் தெரியாது. ஒரு நாள் சுஐபு பாய், அண்ணே நம்ம தங்கசாமியையும் சேத்துத்தான் திட்டுறீங்களான்னு மெதுவாக் கேட்டிருக்காரு. அவனைத்தான்யா மொதல்ல திட்டுறேன், மத்தவன் எல்லாம் அவனுக்குப் பின்னாலதான்னு சொன்னாராம். அதுல கொஞ்சம் பெருமையும் இருந்துச்சுன்னு பாய் எங்கிட்டச் சொன்னாரு.

அப்புறம் பேப்பர் கம்பெனி ஆளு ஒருத்தர் வந்தாரு, கக்கத்துல தோல் பை, கழுத்துல கைக்குட்டை. ரயில் போற ஊரெல்லாம் எறங்கி ஏஜெண்டுககிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாராராம். படிக்கிற சனங்க கொதிச்சுப் போயிருக்காங்க, இந்தக் கலகத்தைத் தூண்டிவிட்டவங்களை வேலையவிட்டே நீக்கணும்னு ஏஜெண்டுக எல்லாம் கம்பெனியக் கெஞ்சிக் கேட்டுக்கிற மாதிரி, கம்பெனியே டைப் அடிச்சுக் கொண்டாந்த மனு. ஒங்க அய்யா யாரைப் பெத்தவருன்னு அவருக்குத் தெரியாது. அன்னைக்கு நான் நண்டுக் கொழம்பு வச்சிருந்தேன், மெட்ராஸ்ல இந்த மாதிரி கெடைக்காதும்மான்னு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. கை கழுவிட்டு வந்து மனுவ வாசிச்சாரு. தூண்டிவிட்ட ஆளுக பேரு வரிசையா வருது, நடுவுல இராமநாதபுரம் தங்கசாமின்னு ஒரு முரட்டு ஆசாமின்னு வந்துச்சு. நான் அடுப்படி நெலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒங்க அய்யா அந்த எடத்தை இன்னொரு வாட்டி வாசிக்கச் சொன்னாரு. அந்த ஆளும் நல்லா அழுத்தி வாசிச்சாரு. அதுக்கப்புறம் அய்யா நிதானமாச் சொன்னாரு, இவனைத் திட்டுறதுக்கு எனக்குப் பாத்தியதை இருக்கு, நான் பெத்தவன், தெனமும் டீக்கடையில போயித் திட்டிட்டுத்தான் வாரேன், ஆனா அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒங்ககிட்டக் குடுக்க முடியாதுன்னு. அந்த மனுசனுக்குத் தின்ன நண்டு தொண்டைக்கு வந்துருச்சு. அப்ப ஏஜென்சிய வேற ஆளுக்கு மாத்திருவாங்கன்னாரு. வராத பேப்பருக்கு எவன் ஏஜெண்டா இருந்தா என்னன்னு அய்யா கேட்டாரு. இதைக் கேட்டுட்டு அவரு மனசு மாறிருச்சுன்னு நீ நெனச்சுக்கிடாதே, அந்த ஆளு தெருமுக்குத் திரும்பங்குள்ள ஒன்னையத் திட்ட ஆரம்பிச்சுட்டாரு.

பொறகு கொஞ்ச நாள் ஸ்டிரைக்ல சேராத கருங்காலிகளை வச்சு அச்சடிச்ச பேப்பர் வந்துச்சு, கம்பெனிக்காரன் சொன்ன மாதிரி ஏஜென்சிய அதுவரைக்கும் மாத்தல. ஒங்க அய்யா கட்டுல இருந்து ஒண்ணை உருவிப் பார்த்தாரு. மந்திரி பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்தார்ங்கிறதுக்கு மறந்து வைத்தார்னு போட்டிருக்கு. மாலையும் கழுத்துமா நிக்கிற பொண்ணு மாப்பிள்ளை படத்துக்குக் கீழ காலமானார்னு இருக்கு. கட்டை அப்படியே கட்டி, மெட்ராஸ் போற வண்டியிலயே திருப்பி ஏத்திவிட்டுட்டு வந்துட்டாரு. மகனுக்காக அப்பன் செஞ்ச காரியம்னு ஊரே சொல்லுச்சு. நானும் அப்படித்தான் நெனச்சு, ராத்திரிக்கு அவருக்குப் பிடிச்ச வெந்தயக் கொழம்பு வச்சேன். அவரு, அதெல்லாம் ஒண்ணுமில்ல, தப்பும் தவறுமா அச்சடிச்சதை எப்படிக் கூசாம நாலு வீட்டுல போடுறதுன்னுட்டுச் சாப்பிட்டாரு. அந்த வாரமே ஏஜென்சிய சைக்கிள் கடை வேல்சாமிக்குக் குடுத்துட்டாங்க. அவன் வாசல்ல போர்டு எழுதி மாட்டி, பூசை போட்டு, மறுநாள் ரயில் டேசனுக்குப் போறான், ஆபீசையே மூடிட்டாங்கன்னு சேதி வருது. மெஷினைக் கழட்டி லாரியில ஏத்தி வேற சீமைக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு நீ எழுதுனியே, அப்பத்தான். வேல்சாமி அந்தப் போர்டைத் திருப்பிப் போட்டு பஞ்சர் ஒட்டப்படும்னு எழுதிக்கிட்டான்.

ஒங்க அய்யா சொந்த ஊருக்குப் போயி நம்ம மிளகாய்க் காட்டுல நின்னாரு. ஒனக்குத் தெரியாததா, அவருக்கு மிளகாய் பறிக்கவும் தெரியாது, பறிக்கிறவங்களை வேலை வாங்கவும் தெரியாது, வரப்புல உக்காந்து சாக்குல ஒட்டியிருந்த பழைய பேப்பரைப் படிச்சுக்கிட்டு இருந்தாராம். அதைப் பார்த்து ஒங்க சித்தப்பாவே பஸ் ஏத்திவிட்டுட்டாரு. அந்த நேரத்துலதான் மதுரைப் பேப்பர்காரங்க தேடி வந்து ஏஜென்சி குடுத்தாங்க. மெட்ராஸ் பேப்பர் மத்தியானம் வரும், இது பால்காரனுக்கு முந்தியே மொத பஸ்ல வந்துருது. மெட்ராஸ் பேப்பரைத் தவிர வேற எதையும் தொடமாட்டேன்னு சொன்ன தாசில்தாரே ஒரே வாரத்துல, இதுவும் தேவலாம், காபி குடிக்கிறப்பவே வந்துருதுன்னுட்டாரு. ஒங்க அய்யா தெனமும் முழுப் பேப்பரையும் படிச்சு, பிழைக்கெல்லாம் பென்சில்ல சுழிச்சு வைப்பாரு. நான் கேட்டா, எம் மகன் கோத்திருந்தா இந்த ரகரம் றகரமாகுமான்னு சொல்லிட்டு, நான் காதுல வாங்கிட்டேன்னு தெரிஞ்சதும் முறைப்பாரு. ஒங்க பழைய பேப்பர் திரும்ப வந்தது ஒனக்குத் தெரியுமா, புது ஊருல இருந்து, புது ஆளுகளை வச்சு, முந்தாநாள் சேதியோட வருது. வாங்க ஆளில்ல. நீங்க கோர்ட்டுல கேஸ் ஜெயிச்ச சேதிய மதுரைப் பேப்பர்ல தேடிப் பார்த்தாரு, உள்பக்கத்துல சினிமா விளம்பரத்துக்கு மேல ரெண்டு வரி போட்டிருந்துச்சு. அதுலயும் தொழிலாளர்னு போட வேண்டிய எடத்துல முதலாளர்னு இருந்துச்சு.

இனிமே எழுதுறதுதான் முக்கியம். போட்டிக்கு வேற பேப்பர் எதுவும் இல்லைன்னு ஆன பொறகு மதுரைக்காரங்க பேச்சு மாறிப்போச்சு. மொத வருசம் காலண்டரும் கல்கண்டும் குடுத்தாங்க. இப்ப என்னடான்னா, விக்காத பேப்பரைத் திருப்பி எடுத்துக்கிட மாட்டாங்களாம், வேணாம்னாலும் கட்டுல கூடுதலாச் சேத்து அனுப்புவாங்களாம், புயல் மழையில பஸ் நின்னு பேப்பர் கூழாப் போனாலும் ஏஜெண்டு தலையிலதானாம். இவரு மதுரைக்குப் போயி நேர்ல கேட்டிருக்காரு. பிடிக்கலைன்னா விட்டுருங்க, ஒங்க ஊருல வேற எந்தப் பேப்பர் விக்குதுன்னு அங்க உள்ள மேனேஜர் சிரிச்சுக்கிட்டே கேட்டாராம். அன்னைக்கு வந்து சோறு வேணாம்னுட்டுப் படுத்துட்டாரு. மறுநாள் பரமக்குடி ஏஜெண்டு, மண்டபத்து ஏஜெண்டு, ராமேஸ்வரத்து ஏஜெண்டு எல்லாம் சுஐபு பாய் கடையில கூடிட்டாங்க. சங்கம் வைக்கணும், பங்குனி ஒண்ணாந்தேதியில இருந்து ஒருத்தரும் கட்டை எறக்கக் கூடாதுன்னு முடிவாச்சு. தலைவரா யாரைப் போடுறதுன்னு பேச்சு வந்ததும், மகன் மெட்ராஸையே நிறுத்துனவன், அப்பனுக்குத் தெரியாம இருக்குமான்னு எல்லாரும் ஒங்க அய்யாவைப் பார்த்துட்டாங்க. எனக்கு இதுல நம்பிக்கையே இல்லைன்னு சொல்லிக்கிட்டே மாலையப் போட்டுக்கிட்டாராம்.

தாசில்தார் வீடு தேடி வந்துட்டாரு. சோறு போடுற எடத்துல கலகம் பண்ணலாமா, இந்த வயசுல ஒங்களுக்கு மொதலாளி ஆகணும்னு ஆசையான்னு, ஒங்க அய்யா ஒன்னையத் திட்டுன அதே திட்டு, ஒரு சொல் மாறல. நான் மோர் கொண்டு போயி வச்சுட்டு நிக்கிறேன். படிக்கிற பொதுசனத்துக்குத் தொந்தரவு இல்லையான்னு கேட்டாரு. அதுக்கு இவரு, வீடு வீடாப் பேப்பர் போடுற நாங்களும் பொதுசனம்தான் சார், எங்க தொந்தரவு ஒங்க வாசலுக்கு வரலைங்கிறதுனால அது தொந்தரவு இல்லைன்னு ஆயிராதுன்னாரு. அது நீ ஸ்டிரைக் சமயத்துல எனக்கு எழுதுன கடுதாசியில உள்ள வார்த்தை. நான் வாசிச்சப்ப, அதையெல்லாம் எங் காதுல போடாதேன்னு சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்த மனுசன்.

எனக்குச் சந்தோசமா இருக்கா பயமா இருக்கான்னு சொல்லத் தெரியல தங்கசாமி. தோத்துருவாருன்னு எனக்குப் பயமில்ல, தோத்தா மிளகாய்க் காடு இருக்கு. நீங்க ஜெயிச்ச மாதிரி இவரும் ஜெயிச்சிருவாரோன்னுதான் பயமா இருக்கு. வேணாம்னு தடுக்கலாம்னு வாயெடுத்தேன், அந்த மேனேஜர் சிரிச்ச சிரிப்பைச் சொன்னப்ப இவரு மொகம் இருந்த இருப்பு ஞாபகம் வந்துச்சு, விட்டுட்டேன். நேத்து சாயங்காலம் எம் பக்கத்துல வந்து உக்காந்து, அந்தப் பயலுக்கு எழுதுறியான்னு கேட்டாரு. ஆமான்னேன். எனக்கொண்ணும் அவன் யோசனை வேண்டியதில்ல, இருந்தாலும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லதுன்னுட்டுக் கேக்கச் சொன்னாரு. ஸ்டிரைக் நோட்டீசுல மொதல்ல கோரிக்கைய எழுதணுமா, தேதிய எழுதணுமா. போலீசு வந்தா யாரு முன்னால போயிப் பேசணும். வேற ஆளை வச்சுக் கட்டை எறக்குனா, கை வைக்காம தடுக்கிறது எப்படி. கூட இருக்கிறவன் பாதியில பயந்து ஓடுனா, அவனைத் திட்டலாமா கூடாதா. இந்தக் கடைசிக் கேள்விய மட்டும் ரெண்டு தடவை சொன்னாரு, பரமக்குடிக்காரர் மேல அவருக்கு நம்பிக்கை இல்ல போல.

அச்செழுத்து ஈயத்தைத் தொட்ட கையோட சாப்பிடாதே, சீயக்காய் போட்டுத் தேச்சுக் கழுவு. பம்பாயில ரயில்ல தொங்கிக்கிட்டுப் போறாங்களாமே, ஒரு வண்டி விட்டாலும் அடுத்த வண்டியில போ. அங்கயும் சங்கம் கிங்கம்னு இருந்தா இருக்கட்டும், ஆனா தலைவனா மட்டும் நிக்காதே, ஒரு வீட்டுக்கு ஒரு தலைவர் போதும். நீ எங்க இருந்தாலும் நோய் நொடி இல்லாம, நாலு பேர் மெச்ச நல்லா இருக்கணும்னு கும்பிட்டுக்கிடுறேன்.

பங்குனி பொறக்குறதுக்கு முந்தி பதில் வந்து சேரணும், மறந்துறாதே. இதுவரைக்கும் எம் பேருக்கே கடுதாசி போட்டுட்டே. இந்தத் தடவை கவர்ல எம் பேரை எழுதாதே, ஒங்க அய்யா பேரை எழுதிப் போடு. அவரே பிரிச்சுப் படிக்கட்டும்.

இப்படிக்கு, ஒன் நெனப்பாவே இருக்கும் அம்மா,
இருளம்மாள்.