எண்பதோடு புறப்பட்டேன்

ஃபோர்சித், மொன்டானா
பிப்ரவரி 9

அன்பு மகன் எல்டனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அலாஸ்காக் குளிரில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் பனி விட்டபாடில்லை. பக்கத்து வீட்டு வெர்னா உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் போட்டுச் சுட்டதை இந்த வாரம் நான்காவது முறையாகக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நன்றி கெட்டவன் நான், பாதியை நாய்க்குப் போட்டுவிடுகிறேன்.

காரை என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். ஷெட்டில்தான் நிற்கிறது. இரண்டு பேர் ஓட்டிக் கழித்த எலக்ட்ரிக் காரை நான் வாங்கியபோது ஊரே சிரித்தது. அதில்தான் உன் அம்மா மார்லிஸும் நானும் அரிசோனா வரை ஒன்பது நாள் போய்வந்தோம். சார்ஜ் போட நிற்கும் ஊரிலெல்லாம் மார்லிஸ் ஒரு துண்டு ஆப்பிள் பை வாங்கித் தின்று, ருசிக்கு நோட்டில் மார்க் போடுவாள். பழைய பேட்டரி கெட்டுவிடக் கூடாதென்று எண்பது சதவீதத்துக்கு மேல் நான் ஏற்றவே மாட்டேன். "பொண்டாட்டிய விட அந்த பேட்டரி மேலதான் உனக்குப் பாசம்" என்பாள்.

"அன்னிக்கு சாயங்காலமே உங்கள விட்டிருந்தா அம்மா முகத்தப் பாத்திருப்பீங்க, நான்தான் தடுத்துட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. நீ தடுத்தது சரிதான் மகனே. ரோடெல்லாம் பனிக்கட்டி, ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்த டாக்டரும் பயமில்லை என்றுதான் சொல்லியிருந்தார். "காலைல போங்கப்பா. ஆனா இன்னிக்கு மட்டும் முழுசா ஏத்திக்குங்க" என்றும் சொன்னாய். அதைத்தான் நான் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையை ஒரு மணி நேரம் மூடிவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? பொய். சாலை திறந்தேதான் இருந்தது. விடிந்ததும், உடனே வரச் சொல்லி பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எண்பதோடு புறப்பட்டேன். நூறு மைல்தான், ஆனால் அந்தக் குளிரில் ஹீட்டரை அணைத்தும் சார்ஜ் போதவில்லை. பாதி வழியில் சார்ஜ் போட நின்றேன். பேட்டரி விறைத்துக் கிடந்ததால் சொட்டுச் சொட்டாக ஏறியது. ஐம்பது நிமிடம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் போய்ச் சேர்வதற்கு இருபது நிமிடம் முன்னால் அவள் போய்விட்டாள். "ஓரின் வந்தாச்சான்னு ரெண்டு தடவ கேட்டாங்க" என்றாள் நர்ஸ். முழுசாக ஏற்றியிருந்தால் நிற்காமலே போயிருப்பேன்.

அடக்கத்தன்று நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுங்கப்பா என்று அழுதாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பெற்ற பிள்ளை தலையில் என் தப்பைச் சுமத்திவிட்டு மூன்று வாரமாகச் சாப்பிட்டுத் தூங்குகிறேன்.

கடவுள் உனக்கு நிம்மதி தரட்டும். கோபம் வந்தால் போன் போட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, எல்டன். இந்த வீட்டில் இப்போது என்னைத் திட்டுவதற்கு யாரும் இல்லை.

உன் அப்பா,
ஓரின்