நீ போட்ட சாட்சிக் கையெழுத்து

786

பெரம்பலூர் தாலுகா, திருச்சி ஜில்லா
14-11-1986

அன்பு மகன் நஜீமுதீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கச்சி ஹபீபாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சவுதியில், தம்மாமில் உனக்கு உடம்பிலும் வேலையிலும் ஒரு குறையும் வரக்கூடாது என்று ஐந்து வக்த்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நாலு நாளாக உன் பேர் வரும்போது மட்டும் துஆவை நிறுத்தி மறுபடி தொடங்குகிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே மழை விடாமல் பெய்து சின்ன வெங்காயமெல்லாம் வயலிலேயே அழுகிவிட்டது. அந்த மழையில்தான் செவ்வாய்க்கிழமை ஹபீபாவைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூர் கோர்ட்டுக்குப் போனேன். பிள்ளை இல்லை என்று உன் மச்சான் ஜமால் முகமது தபாலில் அவளுக்குத் தலாக் அனுப்பி ஒன்றரை வருஷம் ஆகிறது, ஜீவனாம்ச கேஸ் நமக்குச் சாதகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை முதலில் கெடுத்தவள் நான்தான். போன வருஷம் வடக்கே தலாக் ஆன ஒரு வயசான அம்மாவுக்கு ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி டெல்லி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னதும், சரீஅத்துக்கு ஆபத்து, சர்க்காருக்கு மகஜர் அனுப்ப வேண்டும் என்று ஜமாஅத்தில் காகிதம் கொடுத்தார்கள். பெண்களுக்கு ஓதிக் கொடுக்கிறவள் என்று என்னை அனுப்பினார்கள், நானும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். ஹபீபா மட்டும், கேஸு நடக்குறப்ப நாமளே கோர்ட்டு வேணாம்னு எழுதிக் கொடுக்கலாமாம்மா என்றாள். மார்க்கம் வேற, கேஸு வேறடி, போடு என்று அதட்டிப் போட வைத்தேன். புத்தி கெட்டவள் நான். தலாக் ஆன பெண்ணுக்கு நல்லபடியாகக் கொடுத்தனுப்பச் சொல்லித்தானே குர்ஆனில் இருக்கிறது, அப்படியே செய்வார்கள் என்று நம்பிவிட்டேன். டெல்லியில் எங்கள் கையெழுத்தையும் எண்ணிக்கொண்டு, தலாக்குக்குப் பிறகு மூன்று மாச இத்தா காலத்துக்கு மேல் புருஷன் ஜீவனாம்சம் தர வேண்டாம் என்று புதுச் சட்டம் போட்டார்கள். பழைய சட்டப்படியே நடத்த இரண்டு பேரும் சம்மதித்தால் சரி, இல்லாவிட்டால் இல்லையாம். ஜமால் சம்மதிப்பாரா? ஜமாஅத்தில் போய் நின்றால், அதான் சட்டமே வந்துருச்சேம்மா, இனி கோர்ட்டுலயே கேளுங்க என்கிறார்கள். சர்க்காரும் ஜமாஅத்தும் ஆளுக்கொரு பக்கம் கையை உதறிவிட்டார்கள், அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் நம் வக்கீல் சிங்காரவேலு ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்தார். நிக்காஹ்வில் பேசிய மஹர் பணமும் இத்தா காலத்துக்கு உரியதும் முழுசாகக் கொடுத்தாகிவிட்டது என்று ஜமால் எழுதியிருக்கிறார். கீழே சாட்சி, நஜீமுதீன். இது உங்க மவன் கையெழுத்தாம்மா என்று கேட்டார். நான் பிடித்து எழுதப் பழக்கிய கை, இல்லை என்று எப்படிச் சொல்வேன்? ஆமாம் என்றேன். ஹபீபா பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். அடப்பாவி, ஒரு சல்லிக்காசு அவள் கண்ணில் பட்டதா? விசா எடுத்துக் கொடுத்த மச்சான் என்று நன்றி காட்டினாயா? ஊரார் செய்தால் ஆறிப்போகும், நீ செய்தது ஆறவில்லையடா.

இப்போது கேள். அந்தப் புதுச் சட்டத்தை வக்கீல் படித்துச் சொன்னார். புருஷனிடம் கேட்க முடியாது என்றாகிவிட்டால், அவள் மௌத்துக்குப் பிறகு அவள் சொத்து யாருக்குச் சேருமோ அவர்கள்தான் அவளுக்குச் சோறு போட வேண்டுமாம். உன் அத்தா மௌத்தாகி ஆறு வருஷம், அவளுக்குப் பிள்ளையும் கிடையாது, மிச்சம் நானும் நீயும்தான். அண்ணன் மேல கேஸு போட மாட்டேன் என்று அழுதவளை நான்தான் சம்மதிக்க வைத்தேன். மனுவில் எதிர்த்தரப்பில் முதல் பேர் என்னுடையது, இரண்டாவது உன்னுடையது. உன் பணத்துக்காக இல்லை. நீ கூண்டில் ஏறி, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கொடுத்ததைப் பார்த்தேன் என்று அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் வருகிறதா என்று நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரையை விடாதே, வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான வழியையும் தரட்டும். சம்மன் வந்தால் திருப்பி அனுப்பாமல் வாங்கிக்கொள்.

உன்னைப் பெற்றவள்,
சபுரம்மாள்