பூப்போட்ட தகர மூடி

ஆசை அண்ணன் ஏழுமலைக்கு,

நீ நலமா என்று கேட்கிற இடத்தில் நீ இல்லை. நான் நலம் என்று எழுதுகிற நிலையில் நானும் இல்லை. வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். பாதிக் கோபம் ஊர்மேல், மீதி உன்மேல். உயிரோடு இருந்தபோது இந்தப் பேச்சை எடுத்தாலே "வுடு மல்லி" என்று சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்? உட்கார்ந்து கேள்.

உனக்கு வருஷப் படையல் வருகிறது. உன் மகன் சதீஷ் சென்னையிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறான். உனக்குப் பிடித்ததெல்லாம் இலையில் இருக்க வேண்டுமாம். கருவாட்டுக் குழம்பு, மல்லாட்டை உருண்டை, பீடிக்கட்டு. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். கடைசியில் பையிலிருந்து பளபளவென்று ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தான்.

"இன்னா இருக்குதுன்னு சொல்லு பாக்கலாம் அத்த."

திறந்தால் அதே கேம் அண்ணா. உள்ளங்கை அகலம், வெள்ளித் தகடு போன்ற முகம், இரண்டு பக்கமும் இரண்டு பொத்தான். நடுவில் அதே குட்டி ஆள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மேலே எறிந்த பந்து கீழே விழாமல் பிடிப்பதற்காக நிற்கிறான். அந்தக் கம்பெனிக்காரனே அதைப் பழையபடியே மறுபடியும் செய்து விட்டிருக்கிறானாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தானாம் உன் மகன். ஒரே ஒரு மாற்றம், சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது கிடையாது. ஒவ்வொரு பந்துக்கும் டிக் டிக் என்று கேட்கும். நீ சட்டைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டு விளையாடுவாய்.

"அப்பாவுக்கு இதுன்னா உசுருல்ல? இதுல ஊரையே ஜெயிச்சாருன்னுதான கேமுன்னு பேரே வந்துது? படையல்ல இத நடுவுல வெச்சிடலாம் அத்த" என்றான்.

"எட்றா அத! அது படையல் பக்கம் வரக்கூடாது!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். முப்பது வயசுப் பிள்ளை, முகம் செத்துப்போய் நின்றான்.

பெற்ற பிள்ளையிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய் அண்ணா? ஜெயித்ததால் வந்த பேரா அது?

நீ சொல்லாததை நான் சொன்னேன். அவனை உட்காரவைத்து, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஒன்பதாவது படித்தபோது, எண்பதுகளில், உன் வகுப்பு ஜாபர் அண்ணனுக்கு அவர் மாமா சவுதியிலிருந்து அந்தக் கேமைக் கொண்டுவந்து கொடுத்தார். செஞ்சியில் அதற்கு முன்னால் அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரியவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். விளையாடாத நேரத்தில் அது கடிகாரமாகிவிடும். அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும்.

ஜாபர் அண்ணனுடைய அப்பாவுக்கு, நாமும் அவரை அத்தா என்றுதான் கூப்பிடுவோம், கடைவீதியில் தகரப் பெட்டிக் கடை. கேமுக்குப் பின்னால் பேட்டரியை மூடுகிற சின்ன மூடி எங்கோ விழுந்து தொலைந்துபோனது. பேட்டரி நிற்காமல் கீழே கொட்டியது. ஜாபர் அண்ணன் அழாத குறை. நீதான் கடையில் கிடந்த துண்டுத் தகரத்தை எடுத்து, வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, சரியாக உட்காருகிற மாதிரி மூடி செய்தாய். டிரங்குப் பெட்டித் தகரம், நீல பெயிண்ட், அதன்மேல் மஞ்சள் பூவில் பாதி. மூடியைப் பார்த்த ஜாபர் அண்ணன் அத்தா, "நாளைக்கே கடைக்கு வந்துட்றியாடா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். பாலிடெக்னிக் போகப் போகிறேன் என்று சொன்னாய். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ மறந்துவிட்ட மாதிரி நடித்தாய்.

அப்புறம் ஒரு நாள் டிரில் பீரியட் முடிந்து வந்து பார்த்தால் ஜாபர் அண்ணன் பையில் கேம் இல்லை.

கடைசியாக யார் கையில் இருந்தது என்று வாத்தியார் கேட்டார். "காலைல ஏழுமல வெளையாடினான் சார். எங்கிட்ட திருப்பிக் குடுத்துட்டான் சார்" என்று ஜாபர் அண்ணன் சொன்னார். வாத்தியார் காதில் பேர் மட்டும்தான் விழுந்தது. வகுப்பில் அத்தனை பேர் இருந்தார்கள். உன் பையை மட்டும்தான் கவிழ்த்தார். காலனிப் பிள்ளை என்றால் கேட்க யார் வரப்போகிறார்கள்? பையில் ஒன்றும் இல்லை. இல்லாததே உனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. எங்கேயோ ஒளித்துவிட்டாயாம். கொடிக்கம்பத்தடியில் முட்டி போடவைத்தார். நான் ஏழாவது வகுப்பு வராந்தாவிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

நடவு நட்டுக்கொண்டிருந்த நைனாவை ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். சேறு காயாத காலோடு வந்து நின்றார் நைனா. வாத்தியார் நாற்காலியை விட்டு எழவில்லை. "புள்ளைய ஒழுங்கா வளக்கத் தெரியாதவன்லாம் எதுக்குயா ஸ்கூலுக்கு அனுப்பறீங்க?" என்றார். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டுப் புளிய விளாரை ஒடித்து உன்னை அடித்தார். உன்னை நம்பாமல் அடிக்கவில்லை. அடிக்காவிட்டால் அவரும் திருடன் ஆகிவிடுவார் என்று பயந்து அடித்தார். அன்றைக்கு ராத்திரி அவர் சோறு தின்னவில்லை. அந்த மனுஷனையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தகரக்கடை அத்தா மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். "பொருளு எங்களது. எங்களுக்கு வேணாம். அந்தப் புள்ளைய வுட்டுடுங்க சார்" என்றார். யார் கேட்டார்கள்? அதற்கடுத்த நாள் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது வாத்தியார் உன் பேரைக் கூப்பிடவில்லை. "வாடா கேமு" என்றார். வகுப்பே சிரித்தது. மாதம் முடிவதற்குள் நீ பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாய். கிளீனராக லாரியில் ஏறினாய். என் படிப்பை மட்டும் நிறுத்த விடவில்லை. நான் படித்தேன், நர்ஸ் ஆனேன். பள்ளிக்கூடம் முடிகிறவரைக்கும் எனக்கும் "கேமு தங்கச்சி"தான் பேர்.

நீ டிரைவர் ஆனபிறகும் அந்தப் பேர் விடவில்லை. நெல் கமிட்டியில் மூட்டை ஏற்றும்போது, டீக்கடையில், கல்யாண வீட்டில், எல்லா இடத்திலும் கேமு. எதற்கு வந்த பேர் என்று பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது. நீயும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தாய். ஏன் அண்ணா திரும்பினாய்? ஒருத்தன் சட்டையையாவது ஒரு நாளாவது பிடித்திருக்கக் கூடாதா?

போன வருஷம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, காலனிப் பசங்க பாசத்தில் பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்தார்கள். கண்ணீர் அஞ்சலி. "கேமு (எ) ஏழுமலை." கேமு பெரிய எழுத்து, ஏழுமலை சின்ன எழுத்து. நான் அதன் அடியில் போய் நின்றேன். கிழித்துப் போட்டிருப்பேன். உன் முகம் அதில் இருந்தது, கை வரவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு சதீஷ் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஜாபர் அண்ணன் வீட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். "அத்த சொல்றது உண்மையா பெரியப்பா?" என்று கேட்டான். ஜாபர் அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு, "ரெண்டு நாளா இத எப்டி உங்க வீட்டுக்கு எட்த்துனு வர்றதுன்னு தெரியாம வெச்சினு இருக்கறன்" என்று போனை எடுத்துக் காட்டினார்.

பழைய மாணவர்கள் குரூப்பில் வந்த படம். போட்டவன் அந்த வாத்தியாருடைய மகன், உன் வகுப்புதான், இரண்டாவது பெஞ்ச். அவன் பேரை எழுதி இந்தத் தாளை அழுக்காக்க மாட்டேன். அவனும் அந்தப் புது கேமை வாங்கியிருக்கிறான். பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, "அப்பா சின்ன வயசில் வாங்கித் தந்தது, நாற்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தான். அதன் கீழே ஆளாளுக்குக் கைதட்டல். அதில் ஒருத்தன், "நம்ம கேமு ஒன்னு அட்ச்சானே, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டு, சிரிப்பு பொம்மை போட்டிருந்தான். செத்து ஒரு வருஷம் ஆகவில்லை அண்ணா.

அடுத்த படம், இரண்டு கேமையும் திருப்பி வைத்து எடுத்தது. புதுசுக்கு ஸ்குரூ போட்ட பிளாஸ்டிக் மூடி. பழசுக்கு நீலத் தகரம், மஞ்சள் பூவில் பாதி.

அவனுக்கு அந்த மூடி ஞாபகமே இல்லை. இருந்திருந்தால் படம் போட்டிருப்பானா?

மூன்று பேரும் அப்போதே அவன் வீட்டுக்குப் போனோம். "அட, ஜாபரு! வா வா" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றான். ஜாபர் அண்ணன் உட்காரவில்லை. "அந்தப் பழசக் கொஞ்சம் காட்டு" என்றார். ஷோகேஸிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஜாபர் அண்ணன் அதைத் திருப்பினார்.

"இது எங்கத்தா கடத் தகரம். ஏழுமல வெட்டுனது. இது எப்டி உன் வீட்டுக்கு வந்துது?"

அவன் முகம் வெளுத்தது. வெளுத்தது வெளுத்தபடியே சிரித்தான். "சின்ன வயசு பாய். எப்டி வந்துதுன்னே ஞாபகம் இல்ல. அப்பா மெட்ராஸ்ல வாங்கினாருன்னு நெனச்சினு இருந்தேன். இதுக்குப் போயி இன்னா டென்ஷன்? வேணும்னா இந்தப் புதுச எட்த்துனு போங்க."

புதுசை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். உன் படிப்புக்கும், நைனா கும்பிட்ட கைக்கும் சேர்த்து ஒரு புதுசு. இது மாதிரி இன்னொன்றைக் கம்பெனிக்காரன் செய்து கொடுப்பான். ஒன்பதாவது வகுப்பை உனக்கு எவன் மறுபடியும் செய்து கொடுப்பான்?

உள்ளே சாய்வு நாற்காலியில் வாத்தியார் இருந்தார். நல்ல ஆயுசு. "யாரு வந்துருக்கறது?" என்றார். "ஏழுமலை தங்கச்சி சார்" என்றேன். அந்த நேரத்திலும் சார் என்று சொன்ன என் நாக்கை என்ன செய்வது? "எந்த ஏழுமல?" என்றார். மகன் குனிந்து, "கேமுப்பா" என்றான். கிழவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, கேமு தங்கச்சியா! நல்லாருக்கறானா அவன்?"

"செத்துட்டாரு! நீ வெச்ச பேர சொமந்துனே செத்துட்டாரு! களவாண்டத உன் வூட்டுலயே வெச்சினு எங்கண்ணன முட்டி போட வெச்சியே, அந்த முட்டிய நான்தான்யா கழுவினேன்! கல்லு ஏறிக் கிடந்துது!" இன்னும் என்னென்னவோ சொன்னேன். தெரு கூடிவிட்டது. வாத்தியார் மகனைப் பார்த்து, "இன்னா சொல்லுது இந்தப் பொம்பள?" என்று கேட்டார். உண்மையிலேயே ஒன்றும் தெரியாதா? தன் வீட்டு அலமாரியில் இருந்த பொருள் இத்தனை வருஷமாகக் கண்ணில் படாமலா இருக்கும்? சத்தத்தை நிறுத்துகிற பொத்தான்தான் அதில் அப்போது கிடையாதே, அதன் டிக் டிக் கூடவா காதில் விழுந்திருக்காது?

ஜாபர் அண்ணன் பழசைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இது என்னுது" என்றார். வாசலுக்கு வந்ததும் மூடியை மட்டும் நகத்தால் நெம்பி எடுத்து சதீஷ் கையில் வைத்தார். "இது உங்கப்பன் செஞ்சது. உன்னுது."

உன் மகன் அப்போதுதான் அழுதான்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் படம் குரூப்பில் இல்லை. அழித்துவிட்டான். நடந்ததை ஜாபர் அண்ணன் குரூப்பில் எழுதினார். "பழைய கதைய வுடுங்க பாய்" என்று நாலு பேர் பதில் போட்டார்கள். திருடன் என்று சிரிக்கும்போது பழைய கதையாக இல்லை, இல்லை என்று சொல்ல வந்தால் மட்டும் பழைய கதை. அத்தனை பேர் வாயிலும் மண்ணை அள்ளிப் போடவேண்டும் போல இருந்தது.

இந்த வருஷ பேனரில் வாத்தியார் மகன் போட்டோவையும் பேரையும் போட்டு எல்லாவற்றையும் எழுதவேண்டும் என்று நான் குதித்தேன். சதீஷ் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கப்பா படத்துக்குக் கீழ அவன் பேரு எதுக்கு அத்த?" என்றான். இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுத்தான் இறங்கி வந்தேன். உன்னை மாதிரியே சதீஷும் குரலை உயர்த்துவதில்லை. உன்னை மாதிரி விட்டுக்கொடுக்கவும் இல்லை.

பேனர் தயார். உன் படம், "மு. ஏழுமலை" என்று பெரிய எழுத்து, அதன் கீழே ஒரே ஒரு வரி: "இவர் எதையும் திருடியதில்லை." கடைக்காரப் பையன் தயங்கினான். "இப்டி யாரும் போட மாட்டாங்கக்கா. கண்ணீர் அஞ்சலின்னு போட்டுக்கலாமா?" என்றான். சொன்னதைப் போடு என்றேன். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே கட்டுகிறோம். புது கேமைப் பெட்டியோடு சதீஷ் திருப்பி அனுப்பிவிட்டான். இலையில் குழம்புக்குப் பக்கத்தில் உன் தகர மூடிதான் இருக்கும். ஓரம் இன்னும் கையைக் கிழிக்கவில்லை அண்ணா, அவ்வளவு நன்றாகத் தேய்த்திருக்கிறாய்.

சத்தியமாகச் சொல்கிறேன். இந்த ஊரில் இனி எவன் வாயிலாவது அந்தப் பேர் வந்தால், பஸ்ஸை நிறுத்தியாவது இறங்கிப் போய்க் கேட்பேன். அங்கிருந்து "வுடு மல்லி" என்று சொல்லாதே. விடமாட்டேன்.

ஏழுமலை தங்கச்சி,
மல்லிகா